முத்துப்பிடித் துப்பாக்கி: மிஸ் ஃபிஷர் உலவிய மெல்பர்ன்

1928-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பெண் வோட்டுப் போடலாம், வக்கீலாகலாம், டாக்டராகலாம், விமானம்கூட ஓட்டலாம். கொலை வழக்கில் ஜூரியாக உட்கார மட்டும் முடியாது. அதற்கு 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செத்தவள் பெண், கூண்டில் நிற்பவள் பெண், சாட்சி சொல்பவள் பெண் என்றாலும் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பன்னிரண்டு பேரும் ஆண்கள்தான். ‘மிஸ் ஃபிஷர்ஸ் மர்டர் மிஸ்டரீஸ்’ தொடரின் கதை நடப்பது அந்த மாநிலத்தின் தலைநகரான மெல்பர்னில், அதே 1928-29-இல்.

ஆஸ்திரேலியாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஏபிசி 2012 பிப்ரவரியில் இதைத் தொடங்கியது. 2015 வரை மூன்று சீசன்கள், மொத்தம் 34 எபிசோடுகள். கதாநாயகி ஃப்ரைனி ஃபிஷர். கழுத்தோடு வெட்டிய கறுப்பு பாப் முடி, பட்டு, வெல்வெட், இறகு வைத்த தொப்பி, கைப்பைக்குள் முத்துப்பிடி போட்ட தங்க நிறத் துப்பாக்கி, வாசலில் ஹிஸ்பானோ-சுயிசா கார். உடைகளுக்காகவே தொடரைப் பார்த்தேன் என்று சொல்கிறவர்கள் ஏராளம். தவறில்லை, அவ்வளவு அழகு. ஆனால் அந்த அழகை வெறும் மேல்பூச்சு என்று ஒதுக்கிவிட்டால் தொடரின் பாதி போய்விடும். இந்தக் கதைகளில் வரும் கொலைகள் பெரும்பாலும் சட்டம் யாரைக் கைவிட்டதோ அவர்கள் பக்கத்திலிருந்து கிளம்புகின்றன. அவர்களிடம் இல்லாத பணம், பட்டம், கார், துணிச்சல் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுத்து அவளை அவர்களுக்காக அனுப்பினால் என்ன ஆகும்? இதுதான் தொடரின் அடிப்படைக் கற்பனை.

அந்தக் கற்பனை யாருக்கு வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். தொடருக்கு மூலமான நாவல்களை எழுதிய கெர்ரி கிரீன்வுட் மெல்பர்னின் தொழிலாளர் பகுதியான ஃபுட்ஸ்க்ரேயில் 1954-இல் பிறந்தவர். தொழில் வக்கீல். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்களுக்காக மாஜிஸ்திரேட் கோர்ட்டுகளில் ஆஜராகும் சட்ட உதவி வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தார். சட்டம் படித்தபோது 1928-இல் நடந்த துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை ஆராய்ந்திருந்தார். துப்பறியும் நாவல் எழுத வாய்ப்பு வந்தபோது தனக்கு நன்றாகத் தெரிந்த அந்த ஆண்டையே எடுத்துக்கொண்டார். முதல் நாவல் 1989-இல் வந்தது. 2025-இல் அவர் இறக்கும்வரை இருபதுக்கும் மேற்பட்ட ஃப்ரைனி நாவல்களை எழுதினார். எல்லாமே 1928-29-க்குள் அடங்கிவிடும். ஃப்ரைனியை ஜேம்ஸ் பாண்ட் வகை நாயகன் என்றே அவர் விளக்குவார், பெண்ணாகப் பிறந்த நாயகன். அதனால்தான் அவளுக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது. காதலர்கள் வருவார்கள், போவார்கள். கதை அதற்காக அவளைத் தண்டிப்பதில்லை. பழைய மர்மக் கதைகளில் இப்படிப்பட்ட பெண் ஒன்று பிணமாகக் கிடப்பாள், இல்லாவிட்டால் கடைசி அத்தியாயத்தில் கொலைகாரியாகப் பிடிபடுவாள்.

ஃப்ரைனி பிறவிப் பணக்காரியும் அல்ல. காலிங்வுட் என்ற ஏழைப் பேட்டையில் பசியோடு வளர்ந்தவள். முதல் உலகப் போரில் இங்கிலாந்துச் சொந்தத்தில் வாரிசாக இருந்த ஆண்கள் வரிசையாக இறந்துபோக, பட்டமும் சொத்தும் அவள் அப்பாவிடம் வந்து சேர்ந்தன. ஒரு தலைமுறை இளைஞர்களின் சாவில் கிடைத்த செல்வம் அது. போரில் ஆஸ்திரேலியா மட்டும் சுமார் 60,000 பேரை இழந்தது, அப்போது அந்நாட்டின் மக்கள்தொகை 50 லட்சத்தைத் தொடவில்லை. ஃப்ரைனியும் பிரான்ஸில் ஆம்புலன்ஸ் பிரிவில் இருந்தவள். அவளுடைய கேளிக்கைக்குப் பின்னால் இந்தக் கணக்கு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். ஃப்ரைனியாக வரும் எஸ்ஸி டேவிஸ் இதை நடிப்பில் கொண்டுவரும் விதம் அருமை. சிரித்துக்கொண்டே இருப்பார், ஒரு நொடி கண் மட்டும் சிரிப்பதை நிறுத்தும். (2014-இல் வெளிவந்த ‘தி பாபடூக்’ என்ற பேய்ப்படத்தில் தூக்கமின்றித் தவிக்கும் அம்மாவாக நடித்தவரும் இவர்தான். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் என்று நம்பக் கஷ்டமாக இருக்கும்.)

சரி, அந்த மெல்பர்ன் எப்படி இருந்தது?

1927 வரை ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அங்கேதான் கூடியது. கான்பெராவுக்கு இடம் மாறி ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. மக்கள்தொகை பத்து லட்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் எபிசோடில் ஃப்ரைனி வந்து தங்கும் விண்ட்சர் ஹோட்டல் ஸ்பிரிங் தெருவில் நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. அங்கே ஷாம்பேன் ஓடும். ஆனால் 1916-இல் வந்த கட்டுப்பாட்டின்படி மதுக்கடைகளை மாலை ஆறு மணிக்கே மூட வேண்டும். வேலை முடிந்து வருகிற தொழிலாளி ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தவரை ஊற்றிக்கொண்டு தள்ளாடி வெளியே வருவான். இந்த விதி 1966 வரை நீடித்தது. ஃப்ரைனியின் வீட்டில் இரவு பத்து மணிக்குத் திறக்கப்படும் ஒவ்வொரு பாட்டிலும் வர்க்க வித்தியாசம்தான், தொடர் அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும்.

போலீஸ் கதை இன்னும் சுவாரசியமானது. 1923 அக்டோபர் கடைசியில், மெல்பர்ன் கோப்பைக் குதிரைப் பந்தயத்துக்கு ஊர் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில், விக்டோரியா போலீஸார் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம் குறைவு, ஓய்வூதியம் இல்லை. போதாக்குறைக்குத் தங்களையே ஒளிந்து வேவு பார்க்க மேலிடம் ஆள் வைத்திருந்தது அவர்களைக் கொதிக்க வைத்தது. அந்த வாரக் கடைசியில் நகர மையத்தில் கலவரம் வெடித்தது, கடைகள் சூறையாடப்பட்டன. 636 பேர் வேலை இழந்தார்கள். அவர்களை அரசு திரும்பச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. அவசரமாக ஆள் எடுத்து நிரப்பிய படைக்கு 1925-இல் தாமஸ் பிளேமி தலைவரானார். பதவியேற்ற சில வாரங்களிலேயே ஃபிட்ஸ்ராய் பகுதியில் விபசார விடுதி ஒன்றில் நடந்த சோதனையில் ஓர் ஆள் போலீஸ் பேட்ஜைக் காட்டினான். எண் 80. அது கமிஷனருடைய பேட்ஜ். அதை ஒரு நண்பரிடம் கொடுத்திருந்ததாகச் சொன்ன பிளேமி, அந்த நண்பர் யார் என்று மட்டும் சொல்ல மறுத்தார். பதவி போகவில்லை. பிற்காலத்தில் ராணுவத்தின் உச்சப் பதவியான ஃபீல்ட் மார்ஷல் பட்டத்தைப் பெற்ற முதல் ஆஸ்திரேலியரும் இவரே.

இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால், வழக்குக்கு வழக்கு ஃப்ரைனியோடு சேரும் இன்ஸ்பெக்டர் ஜாக் ராபின்சன் வேறு மாதிரித் தெரிவார். நேதன் பேஜ் அவரை எப்போதும் கோட்டுக்குள் இறுகிப்போன மனிதராகவே நடித்திருக்கிறார். அப்படிப்பட்ட படைக்குள் நேர்மையாக இருக்க அந்த இறுக்கம் தேவைதான். இரண்டாம் சீசனில் போலீஸின் மேல்மட்டம் வரை அழுகல் போவதாகக் காட்டும்போது அதை மிகைப்படுத்தல் என்று தோன்றினால், எண் 80 பேட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து துறைமுகம். ஃப்ரைனியின் கைத்தடிகளாக வரும் பெர்ட், செஸ் இருவரும் டாக்ஸி ஓட்டுகிறவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், போரில் சண்டை போட்டுத் திரும்பியவர்கள். பெர்ட் பச்சையான கம்யூனிஸ்ட். சீமாட்டியிடம் கூலி வாங்கிக்கொண்டே முதலாளித்துவத்தைத் திட்டுவான். பார்வையாளர்களுக்கு அது நகைச்சுவை. ஆனால் கிரீன்வுட் ஆராய்ந்த வேலைநிறுத்தத்தில் சிரிக்க ஒன்றும் இல்லை. 1928 செப்டம்பரில் தொழில் தீர்ப்பாயம் விதித்த புதிய நிபந்தனைகளை எதிர்த்துத் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அரசு உடனே ஒரு சட்டம் போட்டது. இனி உரிமச் சீட்டு வாங்கியவருக்குத்தான் வேலை. நாய்க்குக் கழுத்துப்பட்டை கட்டுவது போலிருக்கிறது என்று தொழிலாளர்கள் அதற்கு ‘நாய்ப்பட்டைச் சட்டம்’ என்றே பெயர் வைத்தார்கள். நவம்பர் 2 அன்று போர்ட் மெல்பர்னின் பிரின்சஸ் பியர் துறைமேடையில் போலீஸ் சுட்டது. காயம்பட்டவர்களில் ஆலன் விட்டேக்கர் என்பவர் முதல் உலகப் போரில் கலிப்போலிப் போர்முனைக்குப் போய்வந்தவர். 1929 ஜனவரியில் அவர் இறந்துபோனார். சுட்டது நியாயமே என்று விசாரணை முடிந்தது. எதிரிநாட்டுக் குண்டுக்குத் தப்பி வந்தவர் சொந்த ஊர்ப் போலீஸின் குண்டுக்குத் தப்பவில்லை. துறைமுகத்தில் நடக்கும் எபிசோடுகளைப் பார்க்கும்போது பெர்ட்டின் புலம்பலை இந்தப் பின்னணியோடு கேட்க வேண்டும்.

பெண்கள் விஷயத்துக்கு வருவோம். தொடரின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதல் எபிசோடிலேயே, பணக்கார வீட்டுக் கொலை ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் சட்டவிரோதக் கருக்கலைப்பு செய்து பெண்களைச் சாகடிக்கும் ஆளைத் தேடும் கதையும் ஓடுகிறது. விக்டோரியாவில் குறிப்பிட்ட சூழ்நிலைகளில் கருக்கலைப்பு சட்டப்படி செல்லும் என்று ஒரு நீதிபதி சொன்னது 1969-இல்தான். 1928-இல் மாட்டிக்கொண்ட வேலைக்காரப் பெண் இருட்டுச் சந்துக்குத்தான் போக வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வந்தால் போலீஸ் வரும். ஃப்ரைனியின் தோழியான டாக்டர் மேக் போன்றவர்கள் இதை நேரில் கண்டவர்கள். மேக் கற்பனைப் பாத்திரம், ஆனால் அவருக்கு வேர் உண்டு. பெண்களுக்காகப் பெண் மருத்துவர்களே நடத்திய விக்டோரியா மகாராணி ஆஸ்பத்திரி மெல்பர்னில் 1899-இல் திறக்கப்பட்டது. பெண்கள் ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுங்கள் என்று கேட்டு அதற்குப் பணம் திரட்டினார்கள்.

தொழிற்சாலைப் பெண் இயந்திரத்தில் சிக்கிச் சாகும் எபிசோடு ஒன்று முதல் சீசனில் வருகிறது. அன்றைய தீர்ப்பாயங்கள் பெண்ணுக்கு நிர்ணயித்த கூலி ஆணின் கூலியில் சுமார் 54 சதவீதம். ஆண் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும், பெண் தன்னை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்பது அவர்கள் சொன்ன காரணம். போரில் கணவனை இழந்து மூன்று குழந்தைகளோடு நிற்பவளுக்கும் அதே 54 தான். இரண்டாம் சீசனில் கன்னியர் மடத்துச் சலவைச்சாலையைப் பற்றிய எபிசோடு இன்னும் கனமானது. அபட்ஸ்ஃபோர்டில் நல்லாயன் சபைக் கன்னியர்கள் நடத்திய மடத்தில் ‘வழி தவறியவர்கள்’ என்று முத்திரை குத்தப்பட்ட பெண்கள் கூலியில்லாமல் ஊருக்குத் துணி வெளுத்தார்கள். அது 1970-கள் வரை நடந்தது. இன்று அந்தக் கட்டடங்களில் கலைக்கூடங்களும் காபிக் கடைகளும் இருக்கின்றன.

நடனக்கூடத்தில் நடக்கும் கொலையில் மிரட்டலுக்கு ஆளாகிறவன் ஆண்களை விரும்பும் ஓர் ஆண். ஆண்களுக்குள் உறவு விக்டோரியாவில் 1980 வரை குற்றம். மிரட்டுகிறவனுக்கு இதைவிட நல்ல ஆயுதம் கிடையாது, ஏனென்றால் பாதிக்கப்பட்டவன் போலீஸுக்கே போக முடியாது. போலீஸுக்குப் போக முடியாதவர்கள் யாரிடம் போவார்கள்? அங்கேதான் ஃப்ரைனிக்கு வேலை வருகிறது. அவளிடம் வாரண்ட் கிடையாது, உத்தியோகம் கிடையாது. ‘லேடி டிடெக்டிவ்’ என்று அவளே அச்சடித்துக்கொண்ட அட்டைதான். சட்டம் கொடுக்காத அதிகாரத்தை அவள் உடையாலும் பேச்சாலும் எடுத்துக்கொள்கிறாள்.

உடையைப் பற்றி இப்போது பேசலாம். வடிவமைத்தவர் மரியன் பாய்ஸ். பழைய காலத்துத் துணிகளையும் மணிகளையும் சரிகைகளையும் தேடிப்பிடித்துச் சேர்த்துத் தைத்த உடைகள் அவை. ஃப்ரைனி ஓர் அறைக்குள் நுழைந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்க்கிறவர்கள் அவள் கை எந்த மேஜை டிராயருக்குள் போகிறது என்று கவனிக்க மாட்டார்கள். வேலையாட்கள் அந்தக் கோட்டின் விலையைப் பார்த்து வழி விடுவார்கள். பெண்களுக்கு இடமில்லாத கனவான்கள் கிளப்புக்குள் நுழைய இறகு விசிறி நடனக்காரியாகவே வேஷம் போடுவாள். அந்தக் காட்சியைக் கவர்ச்சிக்காக வைத்தது என்றும் சொல்லலாம். ஆனால் அந்தக் கிளப்புக்குள் ஒரு பெண் நுழைய வேறு வாசல் என்ன இருந்தது என்றும் காட்சி நம்மைக் கேட்கிறது. அவள் பேச்சும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஒரு துடுக்கான வார்த்தையில் எதிராளி சிரிப்பான், இல்லையென்றால் கோபப்படுவான். இரண்டிலும் வாயைத் திறப்பான்.

எல்லாம் காலத்துக்குச் சரியாக இருக்கிறதா என்றால் இல்லை. அவள் போடும் அகலக் கால்சட்டைகள் 1930-களின் பாணிக்கு நெருக்கமானவை. 1928-இல் மெல்பர்ன் தெருவில் அப்படிப் போனால் கூட்டம் கூடியிருக்கும். குதிகால் செருப்போடு சுவர் ஏறுவதை விடுங்கள். அதே சமயம், அவள் விமானம் ஓட்டுவது பலர் நினைப்பதுபோல் அளந்துவிட்டது அல்ல. மில்லிசென்ட் பிரையன்ட் என்ற ஆஸ்திரேலியப் பெண் 1927-இலேயே விமானி உரிமம் வாங்கியிருந்தார்.

ஃப்ரைனிக்கு எதிர்ப்பக்கம் டாட். பயந்த கத்தோலிக்க வேலைக்காரப் பெண். டெலிபோனைத் தொடவே நடுங்குகிறவள், கம்பளிச் சட்டையும் தொப்பியுமாக மெல்ல மெல்ல நிமிர்வாள். புராட்டஸ்டன்ட் கான்ஸ்டபிள் ஹியூவை அவள் காதலிப்பது இன்று சாதாரணமாகத் தெரியலாம், அன்று இரண்டு வீட்டையும் உடைக்கக்கூடிய விஷயம். கல்யாணமானால் வேலையை விட வேண்டுமா என்ற அவர்களுடைய சண்டையும் கற்பனை அல்ல. ஆஸ்திரேலிய மத்திய அரசுப் பணியில் கல்யாணமான பெண்ணுக்கு நிரந்தர இடம் இல்லை என்ற விதி 1966 வரை இருந்தது. தொடரில் உண்மையாக வளரும் பாத்திரம் டாட்தான் என்பேன். ஃப்ரைனி முதல் காட்சியிலேயே முழுமையாக வந்துவிடுகிறாள், அவளுக்கு வளர இடமில்லை.

நாவல்களைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்த டெப் காக்ஸ், ஃபியோனா ஈகர் இருவரும் செய்த மாற்றங்களில் இரண்டு பெரியவை. ஒன்று, கடத்தப்பட்டுக் காணாமல்போன தங்கை. முதல் சீசன் முழுக்க ஓடும் சரடு அது, நாவலில் கிடையாது. இரண்டாவது ஜாக். நாவலில் அவர் குடும்பம், தோட்டம் என்றிருக்கும் அமைதியான மனிதர், ஃப்ரைனிக்கும் அவருக்கும் நடுவே நட்பைத் தவிர ஒன்றும் இல்லை. அங்கே அவளுடைய நிலையான காதலன் லின் சுங், பட்டு வியாபாரம் செய்யும் சீனக் குடும்பத்து வாரிசு. 1901-இன் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வெள்ளையரல்லாதவர்களுக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் சொல்வதெழுதச் சொல்லி அவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. மெல்பர்னின் லிட்டில் பர்க் தெருவில் தங்கச் சுரங்கக் காலத்திலிருந்து வாழ்ந்த சீனர்கள் பிறந்த ஊரிலேயே அந்நியர்களாக நடத்தப்பட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சீமாட்டி சீனரைக் காதலனாக வைத்துக்கொண்டு ஊரறியச் சுற்றுவது கிரீன்வுட்டின் மிகத் துணிச்சலான கற்பனை. தொலைக்காட்சியில் லின் சுங் வந்த வேகத்தில் போய்விடுகிறார். அவர் இடத்துக்கு ஜாக் வருகிறார், விருப்பத்தைச் சொல்லாமலே மூன்று சீசன் இழுக்கும் காதல் வருகிறது.

இந்த மாற்றம்தான் தொடரைப் பிரபலமாக்கியது, மறுக்கவில்லை. ஜாக்கும் ஃப்ரைனியும் ஒரே சோபாவில் விஸ்கியோடு உட்கார்ந்தாலே ரசிகர்களுக்கு அது கொண்டாட்டம். எனக்கும் அந்தக் காட்சிகள் பிடிக்கும். ஆனாலும் இழந்தது சிறியதல்ல. நாவலின் ஃப்ரைனி ஊரின் நிறவெறியைத் தன் படுக்கையறை வரை எதிர்த்தவள். தொடரின் ஃப்ரைனி ஓர் இன்ஸ்பெக்டரின் மனதை உருக்குவதோடு நின்றுவிட்டாள்.

ஜாக் மீதான இந்த மோகத்தால்தான் தொடர் பிழைத்தது என்பதும் உண்மை. மூன்றாம் சீசன் வருமா என்று இழுபறியாக இருந்தபோது ரசிகர்கள் விடாமல் கேட்டார்கள், எட்டு எபிசோடுகள் கிடைத்தன. 2017-இல் திரைப்படம் எடுக்க இணையத்தில் பணம் திரட்டியபோது 7 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் சேர்ந்தது. சீனாவில் 1930-களின் ஷாங்காயில் நடப்பதாக ‘மிஸ் எஸ்’ என்ற மறு ஆக்கம் 2020-இல் வந்தது. 2019-இல் ஃப்ரைனிக்குச் சகோதரி மகள் முறையாகும் பெண்ணை நாயகியாக்கி, 1960-களின் மெல்பர்னில் நடக்கும் இன்னொரு தொடரும் வந்தது. அது சுமார்.

திரைப்படம் 2020-இல் வெளியானது. லண்டன், பாலஸ்தீனம், பாலைவனம், புதையல், சாபம். உடைகள் முன்பைவிடப் பளபளப்பு. ஆனால் ஃப்ரைனி அங்கே வெறும் சாகசக்காரி. காலிங்வுட் சந்து இல்லை, துறைமுகம் இல்லை, பெர்ட் திட்டுவதற்கு முதலாளியும் இல்லை. யாருக்காக அவள் அந்தத் துப்பாக்கியை எடுக்கிறாள் என்ற கேள்விக்குப் பதில் பலவீனமாக இருப்பதால் படம் முழுக்க அழகான படங்களாகவே ஓடி முடிகிறது.

இன்னொன்று. நாவல்களும் சரி, தொடரும் சரி, 1929-ஐத் தாண்டவில்லை. அந்த அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. கம்பளியும் கோதுமையும் விற்றுப் பிழைத்த, லண்டனில் கடன் வாங்கிக் கட்டிய ஆஸ்திரேலியா மோசமாக அடிபட்டது. 1932-இல் வேலையில்லாதவர்கள் ஏறக்குறைய 30 சதவீதம். கிரீன்வுட் ஃப்ரைனியை அங்கே அழைத்துப் போகவில்லை. போயிருந்தால் கற்பனை தாங்கியிருக்காது என்று நினைக்கிறேன். ஓர் அநாதைச் சிறுமியை வீட்டில் சேர்த்துக்கொள்வதும், ஒரு வேலைக்காரிக்கு நல்ல சம்பளம் கொடுப்பதும், ஒரு கொலைகாரனைப் பிடிப்பதும் ஒரு பணக்காரியால் முடியும். ஊரில் மூன்றில் ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அவள் செக்குப் புத்தகத்தைத் திறந்து என்ன செய்வாள்? அநியாயத்துக்கு ஒரு முகம் இருக்கும்வரைதான் துப்பறியும் கதை நடக்கும்.

புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் முதல் சீசனை வரிசையாகவே பாருங்கள், தங்கையின் சரடு கடைசி எபிசோடில்தான் முடிகிறது. இரண்டாம் சீசனில் கால்பந்து கிளப், ரேடியோ நிலையம், சலவைச்சாலை மூன்றையும் தவறவிட வேண்டாம். மூன்றாம் சீசனில் ஃப்ரைனியின் அப்பா வந்து குட்டை குழப்புவார், அவருக்காகவே பார்க்கலாம். படத்தை மழை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.